காற்று மாறும்போதெல்லாம் மூடப்பட்ட கடை

ஓய்வு பெற்றுப் போகிற ஆளிடம் நாலு பக்கம் எழுதி வாங்குவது எங்கள் அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது. எனக்கு முன்னால் போனவர்கள் நேரந்தவறாமை, நேர்மை, விடாமுயற்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவை நல்ல குணங்கள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் கடையை இணையத்தில் ஒழுங்காக நிறுத்திவிட முடியாது. அதனால் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அறிவுரை எழுதப் போவதில்லை. இறக்கக்கண்டியில் படகு விடும் நசாரின் கதையை எழுதுகிறேன். உங்களுக்குத் தேவையானதை நீங்களே அதற்குள்ளிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலையை வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். "கடைட பேர், விலாசம், போன் நம்பர், இந்த மூண்டையும் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி வைக்கிறதோ? இதுக்கு ஒரு சம்பளமோ?" என்று என் சொந்த மச்சாளே கேட்டிருக்கிறாள். ஓம், அதுதான் வேலை. இணைய வரைபடத்தில் ஓர் இலக்கம், விடுதி ஒன்றின் இணையப் பக்கத்தில் வேறோர் இலக்கம், யாரோ எழுதிய பயணக் குறிப்பில் இன்னொரு விலாசம் என்று கிடந்தால் எது உண்மை என்று தேடுபொறிக்குத் தெரியாது. தனக்கு நிச்சயமில்லாத கடையை அது ஆட்களுக்கு முன்னால் வைக்காது. உள்ளூர் ஆட்களை மட்டும் நம்பிப் பிழைக்கிறவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. வெளியூர் ஆட்களை நம்பிக் கரையில் காத்திருக்கிறவருக்கோ, தேடுபொறி காட்டாவிட்டால் அன்றைய நாள் போய்விட்டது.

நசாரின் மனைவி சபீனா எங்களிடம் வந்தது ஒரு பருவத்தின் தொடக்கத்தில். வாடைக்காற்று ஓய்ந்து, நிலாவெளிப் பக்கத்துக் கடல் அடங்கி, வெள்ளைக்காரரும் கொழும்பு ஆட்களும் வரத் தொடங்கியிருந்த நேரம். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றிவளைக்காமல் தொடங்கினாள்.

"அக்கா, எங்கட கடை மூடிப் போச்செண்டு நெட்டில கிடக்காம். முந்தின வருசம் எங்களோட கடலுக்கு வந்த ஒரு புருசன் பொஞ்சாதி நேத்து கரையில இவரைக் கண்டுட்டு, நீங்க இன்னும் தொழில் செய்றீங்களா எண்டு அதிசயப்பட்டுக் கேட்டவங்க. தேடிப் பாத்திட்டு, கடை இல்லையாக்கும் எண்டு வேற படகுல போயிட்டாங்களாம்."

"மூடிப் போச்செண்டு போட்டது ஆர்?"

"இவர்தான்" என்றாள்.

நசார் கெட்டிக்காரன். கடலை வாசிக்கத் தெரிந்தவன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் இறக்கக்கண்டிக் கரையிலிருந்து புறாத்தீவுக்கும், அதற்கும் அப்பால் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவான். வாடை தொடங்கினால் அந்தக் கடலில் சுற்றுலாப் படகு விட ஏலாது. அப்போது படகை லொறியில் ஏற்றிக் குறிஞ்சாக்கேணிக்குக் கொண்டுபோய், அங்கே தன் மூத்த சகோதரியான ராத்தா வீட்டில் தங்கி, களப்பில் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவான். காற்றோடு சேர்ந்து இடம் மாறுவது இந்தக் கரையில் பலர் செய்வதுதான். நசார் அதோடு இன்னொன்றும் செய்தான். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் கைபேசியை எடுத்து, இணைய வரைபடத்தில் இருக்கிற கடையை "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று போட்டுவிட்டு, போகிற இடத்தில் புதுக் கடை ஒன்று திறப்பான்.

பொய் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தான். கடையில் ஆள் இல்லாவிட்டால் இல்லை என்று போட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். தற்காலிகமாக மூடியிருக்கிறது என்று போடவும் ஒரு வழி இருப்பதை அவன் கவனித்ததில்லை. புதுக் கடைக்குப் புதுப் பெயரும் வைப்பான். பருவம் தொடங்கும்போது படகுக்குப் புது வர்ணம் பூசிப் புதுப் பெயர் எழுதினால் போன பருவத்தின் நட்டம் பின்னால் வராது என்பது அவன் வாப்பா காலத்திலிருந்து வீட்டில் இருந்த நம்பிக்கை. பெயர் மாறினால் இலக்கமும் மாற வேண்டாமா? கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிற சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வான்.

அவனுடைய கடைகளை நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இறக்கக்கண்டியிலும் குறிஞ்சாக்கேணியிலுமாக வரிசையாகச் செத்த கடைகள். ஒவ்வொன்றின் கீழும் வந்துபோனவர்கள் நல்ல வார்த்தை எழுதியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு மிதவை அங்கியைத் தன் கையாலேயே கட்டிவிட்டாராம். கடல் கொஞ்சம் பொங்கியதும் ஆட்கள் கெஞ்சியும் கேளாமல் படகைத் திருப்பிவிட்டாராம். வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நல்ல பெயரைச் சம்பாதித்துவிட்டு, அதைத் தானே துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழியில் புதைத்திருக்கிறான் மனுசன்.

"ஏன் பிள்ளை, இவ்வளவு காலமும் இல்லாம இப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"இவர் கட்டாருக்கு வேலைக்குப் போகப் போறார் அக்கா. ஏஜென்சிக்காரர் எல்லாம் சரி எண்டுட்டாங்க. மெடிக்கல் சோதனை மட்டும்தான் மிச்சம். இந்த முறையும் கரையில ஆக்கள் வராட்டிப் போறதுதான் எண்டு முடிவெடுத்திட்டார்." பையின் பிடியை இன்னும் இறுக்கினாள். "மகளுக்கு இன்னும் நடக்கவே தெரியா. அவர் போகப்படாது அக்கா. அதுக்குத்தான் வந்தனான்."

அழவில்லை. ஒரு சாமான் வாங்க வந்த ஆள் மாதிரித் தெளிவாகச் சொன்னாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

எனக்கு வேலை பழக்கிய முதலாளியிடம் ஒரு கட்டளை இருந்தது. கணினியைத் தொடுவதற்கு முன் தொலைபேசியைத் தொடு என்பார். இணையத்தில் கிடக்கும் இலக்கம் எல்லாவற்றுக்கும் நீயே அழைப்பு எடுத்துப் பார், அது யார் கையில் ஒலிக்கிறது என்று தெரிந்த பிறகு திருத்து. நீங்கள் இப்போது அதைச் செய்வதில்லை என்று கேள்விப்பட்டேன். செய்யுங்கள். அன்றைக்கு நான் சபீனாவை வைத்துக்கொண்டே நசாரின் பழைய இலக்கங்களுக்கு எடுக்கத் தொடங்கினேன்.

முதல் இலக்கம் பாவனையில் இல்லை. அடுத்ததை மலையகத்தில் யாரோ ஓர் ஓட்டோக்காரர் எடுத்தார். நான் விசயத்தைச் சொன்னதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, நீங்களும் திமிங்கிலமா? இங்க மலைதாம்மா இருக்கு! ஒரே போன் கோலு. ஒரு வெள்ளைக்காரம்மா குடும்பத்தோட வர்றோம், போட்ட ரெடியா வைங்கன்னு சொல்லுது. நான் எங்க போயி போட்டுக்குப் போறது?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். சபீனாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்ததாக, நசாரின் முதலாவது கடையில் கிடந்த இலக்கத்தை அழுத்தினேன். அந்தக் கடைக்குத்தான் ஆட்கள் எழுதிய நல்ல வார்த்தைகள் அதிகம். விடுதிப் பக்கங்கள், பயணக் குறிப்புகள் எல்லாவற்றிலும் அதே இலக்கம்தான் பரவிக் கிடந்தது.

சபீனாவின் கைப்பைக்குள் போன் அடித்தது.

அவள் பழக்கத்தில் பையைத் திறந்து, திரையைப் பார்த்துவிட்டு, வெட்டிவிட்டாள். என் காதிலும் மணி நின்றது. நான் மறுபடி அழைப்பெடுத்தேன். மறுபடி பை அடித்தது. மறுபடியும் வெட்டப் போனவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நசார் புது சிம் வாங்கியபோது பழையதை அவளிடம் கொடுத்திருக்கிறான். அவள் அதைத் தன் உம்மாவோடு கதைக்க வைத்திருந்தாள். தெரியாத நம்பர் வந்தால் தூக்கக்கூடாது என்பது வீட்டில் உள்ள கட்டுப்பாடு. இளம் பெண்பிள்ளை, கணவன் கடலில், கண்டவனும் எடுத்து வம்பு கதைப்பான் என்ற பயம். அதனால் வருசக்கணக்காக, பருவம் முழுக்க, வெளிநாட்டு நம்பரும் கொழும்பு நம்பரும் வர வர அவள் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அப்ப அதெல்லாம் எங்கட ஆக்களா அக்கா?" என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. "ஒரு நாளைக்கு எத்தினையோ தரம் அடிக்கும். நான் சத்தத்தைக் குறைச்சுப் போட்டு அலுமாரிக்குள்ள வச்சிருவன்."

என் மனம் கனத்துப் போனது. அதை அவளிடம் காட்டவில்லை. ஆட்கள் தேடியபடியேதான் இருக்கிறார்கள், அது நல்ல செய்தி, மிச்சத்தைச் சரிசெய்யலாம் என்று சொல்லி அனுப்பினேன். நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

மறுநாள் நசாரே வந்தான். உரத்த சிரிப்பும் வெயிலில் காய்ந்த முகமுமாக உள்ளே நுழையும்போதே கதை தொடங்கிவிட்டது.

"அக்கா, பழசையெல்லாம் கிண்டாதீங்க. புதுசா ஒண்டு போட்டுத் தாங்க. நல்ல பேர் ஒண்டு யோசிச்சு வச்சிருக்கன்."

"தம்பி, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கடைத்தெருவே இருக்கு. இன்னும் ஒண்டு திறந்தீங்களெண்டா பிரதேச சபைக்காரன் வந்து வரி கேப்பான்."

சிரித்தான். நான் என் திட்டத்தைச் சொன்னேன். முதலாவது கடையைத்தான் மறுபடி திறக்க வேண்டும். மற்றவற்றை அதோடு சேர்த்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அது பதிந்த பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். அவன் எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்றான். அப்படி வேகமாக "ஓம் ஓம்" சொல்லும் வாடிக்கையாளரிடம் கவனமாக இருங்கள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை என்று அர்த்தம்.

அன்று பின்னேரமே கரையில் உட்கார்ந்து, தன் கைபேசியிலிருந்து அந்த முதலாவது கடையைத் திறந்து, பெயரையும் இலக்கத்தையும் வரைபடத்தில் அது நிற்கும் இடத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டான். அடுத்த நாள் கடையே இல்லை. இடைநிறுத்தப்பட்டிருந்தது. அடுத்தவன் கடையைத் திருடுகிறவனும் பெயர், இலக்கம், இடம் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்தான் மாற்றுவான். தேடுபொறி நசாரைக் கள்ளன் என்று நினைத்துவிட்டது.

அவன் வந்த வேகத்தில் எங்கள் வாசல் கதவு சுவரில் மோதியது. "இருந்ததும் போச்சு! நீங்க பழசத் திறக்கச் சொன்னதாலதானே! மெடிக்கலுக்குத் தேதி தந்திட்டாங்கள். நான் போறன், விடுங்க!" அவனுக்குப் பின்னால் சபீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் எழும்பி வந்து, "அக்கா, நம்மட ஒபிஸ் விலாசத்தைப் போட்டு உடனே புதுசா ஒண்டு திறந்து குடுப்பமே. நாளைக்கே கடை தெரியும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நசாரின் முகம் மலர்ந்தது. சபீனாவின் முகமும்தான்.

பிள்ளைகளே, நம் வேலையில் தீர்மானம் எடுக்கிற நேரம் இதுதான். இந்த நேரத்தில் வாடிக்கையாளருக்குப் பிடித்த பதிலும் சரியான பதிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆட்கள் கண்முன் கலங்கிக்கொண்டு நிற்கும்போது எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று கை துடிக்கும். புதுக் கடை நாளைக்கே தெரியும், உண்மைதான். இடைநிறுத்தப்பட்ட ஆள் பக்கத்திலேயே இன்னொன்று திறந்ததைத் தேடுபொறி கண்டுபிடித்தால், பழையதும் வராது, புதியதும் நிற்காது. நல்ல வார்த்தைகள் எல்லாம் அந்த முதலாவது கடையில்தான் இருக்கின்றன. நசார் படகு விடாத ஊரில் அவனுக்கு ஒரு விலாசம் போடவும் நான் தயாரில்லை.

"ஏலாது தம்பி" என்றேன். "புதுசு இல்லை. இதைத்தான் மீட்கப் போறம்."

அவன் திரும்பி நடந்தான். எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்ல வெட்கப்படவில்லை. நான் சொல்வது சரி என்பதில் சந்தேகமில்லை. சரியான வழியால் போய்ச் சேர்வதற்குள் அவன் விமானம் ஏறிவிடுவானோ என்றுதான் பயம்.

நான் முதலாளியின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என் வழி சரியா பிழையா என்று ஒன்றும் சொல்லவில்லை. "அந்தத் தொழிலில காற்றோட மாறாதது எது எண்டு பாத்தனீங்களோ? இஞ்ச இருந்து யோசிச்சா விளங்காது. ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றார்.

அடுத்த பஸ்ஸில் இறக்கக்கண்டிக்குப் போனேன். வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, கரைக்குப் போகும் மணல் பாதையில் அவர்கள் வீடு. நசார் கடலில் இருந்தான். கரையில் தற்செயலாகக் கண்ட இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அவன் போன் நிறுத்தப்பட்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டியிருக்கும், கரைக்கு வரும்வரை எடுக்கமாட்டான் என்றாள் சபீனா. வீட்டுச் சுவரில் கடையின் பெயர்ப்பலகை சாய்த்து வைத்திருந்தது. பெயருக்கு மேல் பெயர், இலக்கத்துக்கு மேல் இலக்கம் என்று எத்தனையோ தரம் வர்ணம் பூசி, கடைசியில் எதையும் வாசிக்க முடியாமல் போயிருந்தது.

சபீனா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து விடுதியிலிருந்து ஓர் ஆள் வந்து, நசார் எப்போது திரும்புவான் என்று வேலிக்கு அப்பால் நின்று கேட்டான். அவள் கடலை ஒருமுறை பார்த்து நேரம் சொன்னாள். நாளைக்கு ஆறு பேர் போகலாமா என்றான். பின்னேரம் காற்று எழும்பும், காலையில் வெள்ளென வந்தால் போகலாம் என்றாள். பிறகு மிதவை அங்கிகளை எண்ணிக் கொடியில் காயப் போட்டாள். எண்ணெய் கொண்டுவந்தவனிடம் எத்தனை கலன் என்று சொல்லி இறக்கி வைத்தாள். வாடைக்குப் படகு குறிஞ்சாக்கேணிக்குப் போனாலும் அவளும் பிள்ளையும் இங்கேதான் இருப்பார்களாம். அங்கே ராத்தா வீட்டில் இடம் காணாது.

இடம் மாறும், படகின் பெயர் மாறும், நசாரும் மாறிக்கொண்டிருப்பான். கடை எப்போதும் இந்த முற்றத்தில்தான் இருந்தது, அதை நடத்திக்கொண்டிருந்தவள் இவள்தான். பலகையில் எழுத வேண்டிய இலக்கம் அவள் கையில் இருந்தது.

அதைச் சொல்வது எனக்கு லேசாக இருக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கட்டுப்பாட்டை வெளியிலிருந்து வந்த நான் பிழை என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் அவளிடம் தனியாகக் கேட்டேன்.

"பிள்ளை, பொய் சொல்ல மாட்டன். இந்த நம்பரைப் போட்டா நல்ல ஆக்களும் எடுப்பினம், கழிசறையளும் எடுக்கும். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ, வேற வழி பாப்பம்."

அவள் நிறைய நேரம் யோசிக்கவில்லை. "அவர் கட்டாருக்குப் போனா நான் தனியத்தானே அக்கா இந்த வீட்டில இருக்கணும்? அங்க இருந்து வாற போனுக்கு வருசக்கணக்காக் காத்துக்கொண்டிருக்கலாம், கரையில இருந்து வாற போனைத் தூக்கப்படாதா?"

நசார் வந்தபோது சட்டை முழுக்க உப்புநீர். விசயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது. "என்ட பொண்டாட்டிட நம்பரை ஊருக்கெல்லாம் போட ஏலாது" என்றான். நான் வாதாடவில்லை.

"தம்பி, புதுசா ஒண்டும் போடச் சொல்லேல்லை. இந்த நம்பரை நீங்கள்தான் முதல் பருவத்தில போட்டனீங்கள். ஊர் உலகமெல்லாம் பரவிக் கிடக்கு. அது கடைட நம்பர். அதைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வச்சு, தூக்காதே எண்டும் சொல்லியிருக்கிறீங்கள். உங்களைத் தேடினவையள் இவ்வளவு காலமும் இந்த வீட்டுக்குத்தான் எடுத்திருக்கினம்."

அவன் சபீனாவைப் பார்த்தான். "எவ்வளவு பேர் எடுத்தவங்க?"

"எண்ண ஏலாது" என்றாள்.

மணலில் குந்தியிருந்து முகத்தைக் கையால் துடைத்தான். நான் எழும்பிக் கரைப்பக்கம் போய்விட்டேன். கணவனும் மனைவியும் முடிவெடுக்கிற இடத்தில் நாம் நிற்கக்கூடாது. திரும்பி வந்தபோது அவன் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "பேரும் இனி மாத்துறல்ல. மகள்ட பேரையே வைப்பம் எண்டு இவள் சொல்றாள்" என்றான். அவர்கள் தொடங்கிய முதலாவது கடைக்கு நசார், சபீனா இருவர் பெயரையும் இணைத்து "நஸ்பி" என்று வைத்திருந்தார்கள். பிறகு மகள் பிறந்தபோதும் அவளுக்கு அதையேதான் வைத்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. முதல் பதிவிலும் அந்தப் பெயர்தான், இலக்கமும் அதே, விலாசமும் அதே. அவன் கைபேசியில் மாற்றியதைப் பழையபடி ஆக்கிவிட்டால், புதிதாக மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். பலகை காய்ந்ததும், வீதியிலிருந்து மணல் பாதையால் நடந்து வந்து, பலகை, முற்றம், படகு எல்லாம் தெரிய ஒரே வீடியோவாக எடுத்துத் தேடுபொறிக்காரருக்கு அனுப்பினோம். மேன்முறையீடு போட்டோம். அடுத்தது காத்திருப்பு. நம் வேலையில் கஷ்டமான பகுதி அதுதான், யாரும் அதற்குப் பாராட்டுவதில்லை. இடையில் மெடிக்கலுக்குப் போகும் நாள் வந்தது. காய்ச்சல் என்று சொல்லி நசார் அதை ஒருமுறை தள்ளிவைத்தான். காய்ச்சல் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கடை திரும்பி வந்தது. அதைத் திறந்த நிலையில் வைத்து, மற்றக் கடைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்தேன். சிதறிக் கிடந்த நல்ல வார்த்தைகள் ஓரிடத்துக்கு வந்தன. விடுதிப் பக்கங்களிலும் பயணக் குறிப்புகளிலும் இருந்த பிழையான இலக்கங்களை நீக்கும்படி எழுதிக்கொண்டே இருந்தேன். சிலர் ஒரு கடிதத்தில் திருத்தினார்கள், சிலரை அவர்களுக்கு அலுப்பு வரும்வரை விடவில்லை. மலையக ஓட்டோக்காரரின் இலக்கத்தைத்தான் முதலில் நீக்குவித்தேன், பாவம். வாடைக்குப் படகு எங்கே நிற்கும் என்பதைச் சபீனா போனில் சொல்வாள், கடை இடம் மாறாது என்று முடிவானது.

போன் அடிக்கத் தொடங்கியது. கழிசறைகளும் எடுத்தன, நான் சொன்னது பொய்யில்லை. முதல் தரம் அவள் நடுங்கிப் போனாளாம். அடுத்த தரம் போனைப் பக்கத்து வீட்டிலிருந்த மாமியாரிடம் நீட்டிவிட்டாள். அந்த மனுசி வாயைத் திறந்தால் இறக்கக்கண்டியே எழும்பி நிற்கும். எடுத்தவன் பிறகு எடுக்கவில்லை. வெள்ளைக்காரரோடு சபீனா, "டுமோரோ கம், ஏர்லி, சீ குட்" என்று கதைத்தாள். அதற்கு மேல் அவர்களுக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை.

நான் கடைசியாக அங்கே போனது பருவத்தின் நடுப்பகுதியில். பலகையும் பதிவும் இன்னும் ஒத்திருக்கின்றனவா என்று நேரில் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்குத்தான் மெடிக்கலுக்குத் தள்ளிப் போட்ட நாள் என்பது எனக்குத் தெரியாது. நசார் ஒரு சுற்று முடித்துக் கரைக்கு வந்திருந்தான். அடுத்த சுற்றுக்கு ஒரு குடும்பம் அங்கி மாட்டிக்கொண்டு நின்றது. சபீனா இடுப்பில் பிள்ளையோடு படகடிக்கு வந்திருந்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர். அவள் உடனே எடுத்தாள்.

"நஸ்பி படகுச் சவாரி, சொல்லுங்க."

கேட்டுக்கொண்டே இருந்தவளின் முகம் மாறியது. கையால் போனைப் பொத்திக்கொண்டு, "ஏஜென்சிக்காரர். உங்கட போன் வேலை செய்யுதில்லையாம், நெட்டில கடைட நம்பரைத் தேடி எடுத்திருக்கார். எல்லாரும் வந்திட்டாங்களாம், நீங்க எங்க எண்டு கேக்கிறார்" என்றாள்.

நசார் படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். முழங்கால் வரை தண்ணீர். அவன் அவளைப் பார்த்தான், நிற்கிற குடும்பத்தைப் பார்த்தான், பிறகு பிள்ளையைப் பார்த்தான்.

"கடை நம்பருக்குத்தானே எடுத்தவர்" என்றான். "நீயே சொல்லு."

அவள் கையை எடுத்துப் போனைக் காதில் வைத்தாள். "அவர் கட்டாருக்கு வரமாட்டார். ஓம், யோசிச்சுத்தான் சொல்றன். இல்ல, இனியும் வரமாட்டார்." பிறகு எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னாள். "நீங்க ஒருக்காக் குடும்பத்தோட இங்க வாங்க, திமிங்கிலம் பாக்கலாம். ஆனா காலையில வெள்ளென வந்திரணும்."

நசார் குனிந்து அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளைக்கு அங்கியின் வாரை இறுக்கிக் கட்டி, தூக்கிப் படகில் வைத்தான்.